காக்கும் மரபணுவே தாக்கும்போது

முப்பது வயதுக்குட்பட்ட ஒருவர் தீராத இடுப்பு வலியோடு மருத்துவரிடம் போனால், எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனைகளோடு 'எச்.எல்.ஏ. பி27' என்ற ஒரு வரியையும் இப்போது சீட்டில் எழுதிக்கொடுக்கிறார்கள். ஓரிரு நாளில் கைக்கு வரும் தாளில் 'பாசிட்டிவ்' என்று இருந்தால் வீடே கலங்கிப்போகிறது. முதுகெலும்பு இறுகிப்போகும் என்று செல்போனில் படிக்கிறார்கள். தம்பி தங்கைகளுக்கும் எடுத்துப் பார்க்க வேண்டுமா, கல்யாணப் பேச்சில் இதைச் சொல்லியாக வேண்டுமா என்று கேள்வி மேல் கேள்வி எழுகிறது. அந்தத் தாள் சொல்வது என்ன, சொல்லாதது என்ன என்று தெரிய வேண்டுமானால் ஐம்பது ஆண்டுக்கால ஆராய்ச்சியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

1973இல் லண்டனில் டெரிக் ப்ரூவர்ட்டன் குழுவும், லாஸ் ஏஞ்சலஸில் பால் தெரசாகியின் குழுவும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. முதுகெலும்பு மூட்டுகள் அழற்சியால் இறுகிப்போகும் 'அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' நோயாளிகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேரிடம் பி27 இருந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் பொதுவாக இது 8 சதவீதம் பேரிடம்தான் உண்டு. ஒரு மரபணு வகைக்கும் ஒரு நோய்க்கும் இவ்வளவு நெருக்கமான தொடர்பை மருத்துவம் அதுவரை அதிகம் கண்டதில்லை. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டால் படம் மாறுகிறது. பி27 உள்ள 100 பேரை வாழ்நாள் முழுதும் கவனித்தால் இந்த நோய் வருவது ஏறத்தாழ ஐந்து பேருக்குள்தான். குடும்பத்தில் யாருக்காவது நோய் இருந்தால் அந்த எண்ணிக்கை பல மடங்கு கூடும். அப்போதும் வராதவர்களே அதிகம். காலையில் எழுந்ததும் முதுகு விறைத்து, நடமாடினால் வலி குறைந்து, ஓய்வெடுத்தால் கூடுகிற ஒருவருக்கு இந்தப் பரிசோதனை உண்மையிலேயே உதவும். மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்ட முதுகுக்கு இதை எழுதிக்கொடுப்பது வீண் செலவு, தேவையில்லாத பயமும்கூட.

எச்.எல்.ஏ. என்பது ஒற்றை மரபணு அல்ல. ஆறாவது குரோமோசோமின் குட்டைக் கையில் நெருக்கமாக அமைந்திருக்கும் ஒரு மரபணுக் கூட்டத்தின் பெயர். 1958இல் பாரிஸில் ஜான் டோசே இந்த வரிசையின் முதல் உறுப்பினரை அடையாளம் கண்டார். உறுப்பு மாற்று சிகிச்சையில் ஒருவர் உடல் மற்றவர் உறுப்பை ஏன் ஒதுக்குகிறது என்ற கேள்வியோடு இணைந்தே இந்தத் துறை வளர்ந்தது. டோசேவுக்கும் ஜார்ஜ் ஸ்னெல், பாரூக் பெனாசெராஃப் ஆகியோருக்கும் 1980இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் யாரோ ஒருவருடைய சிறுநீரகம் என்றோ ஒருநாள் தன் உடலுக்குள் வரும் என்று எதிர்பார்த்து இயற்கை ஒரு மரபணுக் கூட்டத்தைப் பேணி வளர்த்திருக்காது. இவற்றின் அன்றாட வேலை என்ன என்பதை 1974இல் ரால்ஃப் ட்சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் காட்டினார்கள். செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் சிறு துண்டுகளாக நறுக்கப்படுகின்றன. அந்தத் துண்டைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவதுபோல் செல்லின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. மூலக்கூறு ஏந்தி நிற்கிறது. சுற்றி வரும் நோயெதிர்ப்பு செல்களான டி செல்கள் அதைத் தொட்டுப் பார்க்கின்றன. வைரஸின் துண்டு என்றால் தாக்குதல். சொந்த உடலின் துண்டு என்றால் கடந்து போய்விட வேண்டும்.

1987இல் பமீலா பியோர்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ரோமிஞ்சர் ஆகியோர் இந்த மூலக்கூறின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டபோது, அதன் உச்சியில் ஒரு நீளமான பள்ளம் தெரிந்தது. புரதத் துண்டு உட்காரும் இடம் அதுதான். மனிதருக்கு மனிதர் எச்.எல்.ஏ. வேறுபடுவதும் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தின் அடியிலும் சுவரிலும்தான். இன்றைக்குப் பதிவாகியிருக்கும் எச்.எல்.ஏ. வகைகள் 40 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. மனித மரபணுத் தொகுதியில் இவ்வளவு பன்மை கொண்ட பகுதி வேறில்லை. எல்லோருக்கும் ஒரே பள்ளம் இருந்தால், அதில் பொருந்தாத ஒரு கிருமி ஊரையே துடைத்துவிடும். ஆளுக்கொரு பள்ளம் இருப்பதால் எந்தக் கொள்ளைநோயிலும் சிலராவது தப்புகிறார்கள். தன்னுடல் தாக்குநோய் என்று நாம் அழைக்கும் முடக்குவாதம், முதல் வகை சர்க்கரை நோய், லூபஸ், சோரியாசிஸ் ஆகியவற்றின் மரபணுக் கதை இந்தப் பன்மையிலிருந்தே தொடங்குகிறது. இந்த நோய்களோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. வகைகளில் எதுவும் பழுதான மரபணு அல்ல. எல்லாமே கச்சிதமாக வேலை செய்பவை. அவை எதை ஏந்துகின்றன என்பதில்தான் சிக்கல்.

ஒற்றை அமினோ அமிலம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை அதே 1987இல் ஜான் டாட், ஜான் பெல், ஹியூ மெக்டெவிட் ஆகியோர் காட்டினார்கள். எச்.எல்.ஏ. டி.கியூ. மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் 57ஆவது இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம் இருந்தால் முதல் வகை சர்க்கரை நோய்க்கு எதிராக ஓரளவு பாதுகாப்பு உண்டு. அந்த இடத்தில் அலனின் போன்ற வேறொன்று இருந்தால் ஆபத்து கூடும். முடக்குவாதத்துக்கும் இதுபோன்ற ஒரு விளக்கத்தைப் பீட்டர் கிரெகர்சன் குழு அந்த ஆண்டே முன்வைத்தது. முடக்குவாதத்தோடு தொடர்புடைய எச்.எல்.ஏ. டி.ஆர். வகைகள் பல பெயர்களில் இருந்தாலும் 70 முதல் 74 வரையிலான இடங்களில் எல்லாமே ஏறக்குறைய ஒரே வரிசையைக் கொண்டிருந்தன.

இந்த முடக்குவாதக் கதையில் புகைக்கு ஒரு பங்கு உண்டு. பீடியோ சிகரெட்டோ புகைப்பவரின் நுரையீரலில் அழற்சி ஏற்படும்போது புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறுகிறது. மேற்சொன்ன டி.ஆர். வகையின் பள்ளத்தில் சிட்ருலின் கொண்ட துண்டுகள் நன்றாக உட்காருகின்றன. தன் புரதமே புது முகத்தோடு வந்து நிற்பதால் டி செல் அதை அந்நியன் என்று எடுத்துக்கொள்கிறது. சுவீடனில் லார்ஸ் க்ளாரெஸ்கோக் குழு 2006இல் வெளியிட்ட கணக்கு இது: சிட்ருலினுக்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகும் வகை முடக்குவாதத்தில், இந்த மரபணு வகையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றுப் புகைக்கவும் செய்பவருக்கு, இரண்டுமே இல்லாதவரைவிட ஆபத்து 21 மடங்கு. மரபணுவை மாற்ற முடியாது, புகையை விடலாம். முடக்குவாதம் வந்த ஒருவரின் பிள்ளைகளிடம் மருத்துவர் தவறாமல் சொல்ல வேண்டிய செய்தி இது. ஆனால் சொல்லிக் கேட்பது அரிதாகவே இருக்கிறது.

மரபணுவும் சூழலும் சந்திக்கும் இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நோய் செலியாக். கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் புரதத்தைச் சிலரது குடல் ஏற்பதில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டிப் பஞ்சம் வந்தபோது, செலியாக் நோயால் மெலிந்திருந்த குழந்தைகள் தேறிவந்ததைக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ கவனித்தார். காரணம் கோதுமை என்று உறுதியானது. குளூட்டனில் நம் செரிமான நொதிகளால் முழுதாக உடைக்க முடியாத துண்டுகள் உண்டு. அவை குடல் சுவரைக் கடந்ததும் டிரான்ஸ்குளுட்டமினேஸ் என்ற நொதி அவற்றின் குளுட்டமினைக் குளுட்டமிக் அமிலமாக மாற்றி எதிர்மின்னூட்டம் ஏற்றுகிறது. டி.கியூ.2, டி.கியூ.8 என்ற இரண்டு எச்.எல்.ஏ. வகைகளின் பள்ளங்கள் அப்படிப்பட்ட துண்டுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லாதவருக்குச் செலியாக் வருவது மிக மிக அரிது. அதனால் இங்கே எச்.எல்.ஏ. பரிசோதனைக்கு உண்மையான பயன் உண்டு. 'நெகட்டிவ்' என்று வந்தால் செலியாக்கைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். 'பாசிட்டிவ்' என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

ஏன் இயலாது என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல ஆதாரம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் நீண்டகாலம் பணியாற்றிய குடல்நோய் நிபுணர் பி.எஸ்.ராமகிருஷ்ணா தலைமையில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23 ஆயிரத்துக்கும் அதிகமான பெரியவர்களைப் பரிசோதித்தது. வடக்கில் 100 பேருக்கு ஒருவர் என்ற அளவில் செலியாக்கைக் காட்டும் ஆன்டிபாடி இருந்தது. தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர்தான். அப்படியென்றால் தென்னிந்தியர்களிடம் அந்த மரபணு குறைவா? இல்லை. டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 வடக்கில் 38 சதவீதம் பேரிடமும் தெற்கில் 36 சதவீதம் பேரிடமும் இருந்தன. சொல்லத்தக்க வேறுபாடே இல்லை. வேறுபட்டது தட்டு. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கில் 25 கிராம். மூன்றில் ஒருவரிடம் மரபணு இருந்தும் சோறு தின்னும் ஊரில் நோய் ஒதுங்கியே இருந்தது. இந்தத் துறையில் நான் படித்த ஆய்வுகளில், கோட்பாடாகச் சொல்லப்பட்டதை இவ்வளவு நேராக மக்கள் நடுவே நிறுவிய ஆய்வுகள் குறைவு. இரவுச் சாப்பாடு சப்பாத்தி, பரோட்டா, ரொட்டி என்று மாறிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டில் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது இதைத் திரும்ப அளந்து பார்க்க வேண்டும்.

நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று பிரிக்கப் பார்ப்பவரை டி.கியூ.பி1 0602 என்ற எச்.எல்.ஏ. வகை திகைக்க வைக்கும். முதல் வகை சர்க்கரை நோயிலிருந்து அது வலுவாகக் காக்கிறது. அதே வகைதான், பகலில் கட்டுப்பாடின்றித் தூக்கத்தில் விழும் நார்கோலெப்சி நோயாளிகளில் பெரும்பாலோரிடமும் இருக்கிறது. மூளையில் விழிப்பைக் காக்கும் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் அந்த நோயில் அழிந்துபோகின்றன. 2009-10 பன்றிக்காய்ச்சல் பரவலின்போது 'பாண்டெம்ரிக்ஸ்' தடுப்பூசி போட்ட பின் பின்லாந்திலும் சுவீடனிலும் குழந்தைகள், பதின்வயதினர் சிலருக்கு நார்கோலெப்சி வந்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் அநேகமாக எல்லோரிடமும் இந்த வகை காணப்பட்டது. ஒரு பிள்ளையின் கணையத்தைக் காத்த அதே பள்ளம் இன்னொரு பிள்ளையின் தூக்கத்தைக் குலைத்திருக்கிறது.

எச்.எல்.ஏ.வுக்கு வெளியே போனால் பரப்பு விரிகிறது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் டி செல்களின் பயிற்சிக்கூடம். சொந்த உடலைத் தாக்கக்கூடிய டி செல்கள் அங்கேயே களையப்படுகின்றன. ஆனால் கணையத்தில் மட்டும் சுரக்கும் இன்சுலினைத் தைமஸில் வளரும் செல் எப்படி அறியும்? 'ஏர்' என்று உச்சரிக்கப்படும் ஒரு மரபணு, உடலின் பல உறுப்புகளுக்கே உரிய புரதங்களைத் தைமஸில் சிறிதளவு உற்பத்தி செய்ய வைக்கிறது என்று 2002இல் டயான் மேத்திஸ், கிறிஸ்டஃப் பெனுவா குழு காட்டியது. இந்த மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் குழந்தைப் பருவத்திலேயே பாராதைராய்டு, அட்ரினல் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சுரப்பிகள் தாக்கப்படும். பின்லாந்து, சார்டினியா போன்ற இடங்களில் இந்த நோய் ஒப்பீட்டளவில் அதிகம். தமிழ்நாட்டில் தாய்மாமன்-அக்காள் மகள், அத்தை-மாமன் பிள்ளைகள் திருமணங்கள் இன்னும் நடப்பதால் இப்படிப்பட்ட ஒற்றை மரபணு நோய்களை நம் குழந்தை மருத்துவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். பரவலாகக் காணப்படும் முடக்குவாதத்துக்கோ தைராய்டு நோய்க்கோ சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று அந்தப் பெற்றோரைக் குற்றம் சாட்டுவது வேறு விஷயம், அதற்கு ஆதாரமில்லை.

தைமஸில் தப்பிவிடும் டி செல்களை வெளியில் அடக்கிவைக்கத் தனிக் காவல் செல்கள் உண்டு. அவற்றை 1995இல் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் கண்டார். அவற்றை இயக்கும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவை, பிறந்த சில வாரங்களிலேயே செத்துப்போகும் ஒருவகை எலியிடமிருந்து மேரி ப்ரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும் 2001இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு பழுதாகப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு முதல் வகை சர்க்கரை நோய், ஓயாத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி எல்லாம் கைக்குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடும். 2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு இந்த மூவருக்கும் கிடைத்தது.

இவை அரிய நோய்கள். பரவலான நோய்களைத் தேடி 2007இல் பிரிட்டனில் வெல்கம் அறக்கட்டளைக் கூட்டமைப்பு ஏழு நோய்களுக்கு நோய்க்கு 2,000 பேர் வீதம் மரபணு முழுதும் சல்லடை போட்டது. அதன்பின் நடந்த ஆய்வுகளில் தன்னுடல் தாக்குநோய்களோடு தொடர்புடைய நூற்றுக்கணக்கான இடங்கள் சிக்கியுள்ளன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அவற்றில் 90 சதவீதம் அளவுக்கு எந்தப் புரதத்தின் அமைப்பையும் மாற்றுவதில்லை. எந்த மரபணு, எந்த நோயெதிர்ப்பு செல்லில், எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற அளவை மட்டும் ஏற்றி இறக்குகின்றன. இன்சுலின் மரபணுவே இதற்கு நல்ல சான்று. அதன் முன்பகுதியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிசை நீளமாக இருந்தால் தைமஸில் இன்சுலின் சற்றுக் கூடுதலாக உற்பத்தியாகி, தாக்கும் செல்கள் நன்றாகக் களையப்படுகின்றன. சர்க்கரை நோய் ஆபத்து குறைகிறது.

தன்னுடல் தாக்குநோய்கள் பெண்களுக்கு ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்விக்கு ஹார்மோனை மட்டுமே பதிலாகச் சொல்லிவந்தோம். லூபஸ் நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். எக்ஸ் குரோமோசோமில் டி.எல்.ஆர்.7 என்ற மரபணு இருக்கிறது, வைரஸின் ஆர்.என்.ஏ.வை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. பெண்களின் இரண்டு எக்ஸ்களில் ஒன்று செல்லுக்குள் அடக்கப்பட்டாலும் இந்த மரபணு சில செல்களில் அந்த அடக்குதலுக்குத் தப்பி இரட்டிப்பாக வேலை செய்கிறது. ஒரு எக்ஸ் கூடுதலாகப் பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் ஆபத்து மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 14 மடங்கு. 2022இல் கரோலா வினுவேசா குழு, ஏழு வயதில் லூபஸ் வந்த ஒரு சிறுமியிடம் டி.எல்.ஆர்.7இல் ஒற்றை எழுத்து மாற்றத்தைக் கண்டறிந்தது. அதே மாற்றத்தை எலியில் புகுத்தியபோது எலிக்கும் லூபஸ் வந்தது. "என்ன தப்பு செய்தேன்" என்று கேட்கும் பெண்களுக்கு இந்த ஆய்வு ஒரு பதில் வைத்திருக்கிறது.

இவ்வளவு துன்பம் தரும் மரபணு வகைகள் ஏன் அழிந்துபோகவில்லை? நடு நரம்பு மண்டலத்தைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கான முக்கிய எச்.எல்.ஏ. வகை, சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் யம்னாயா எனப்படும் புல்வெளி ஆயர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது என்று பழங்கால எலும்புகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்த ஆய்வு 2024இல் கூறியது. ஆடுமாடுகளோடு நெருங்கி வாழ்ந்தவர்களுக்குத் தொற்றிலிருந்து அது காப்பளித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்த வகை இருந்தால் மட்டும் நோய் வந்துவிடாது. அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேருக்கும் மேற்பட்டோரின் தரவை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பின் இந்த நோயின் ஆபத்து 32 மடங்கு ஏறியது தெரிந்தது.

இந்தியர்களைப் பற்றிப் பேசும்போது இந்த அறிவின் ஓட்டை பெரிதாகத் தெரிகிறது. முடக்குவாதம், முதல் வகை சர்க்கரை, தைராய்டு நோய் மூன்றுக்கும் ஐரோப்பியர்களிடம் எச்.எல்.ஏ.வுக்கு வெளியே முன்னிற்பவற்றில் ஒன்றான, பி.டி.பி.என்.22 என்ற மரபணுவின் மாற்றம் இந்தியர்களிடம் மிக அரிது. ஆனாலும் அந்த நோய்கள் இங்கே இருக்கின்றன. ஐரோப்பியத் தரவால் செய்த மரபணு ஆபத்து மதிப்பெண்ணைச் சென்னையில் பிறந்த குழந்தைக்குப் போட்டுப் பார்ப்பது பிறர் செருப்பை அளவு பாராமல் மாட்டுவதில் முடியும். இத்தனைக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம்.பிச்சப்பன் குழு 1990களின் தொடக்கத்திலேயே தென்னிந்தியக் காசநோயாளிகளிடம் எச்.எல்.ஏ. வகைகளை ஆராய்ந்து, டி.ஆர்.2க்கும் நுரையீரல் காசநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டிருந்தது. அந்த வேலை முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் அதே அளவில் இங்கே விரிந்திருக்க வேண்டும்.

மருந்துகள் வரத் தொடங்கிவிட்டன. முதல் வகை சர்க்கரை நோய் முழுதாக வெளிப்படும் முன்பே அதைச் சராசரியாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் ஊசிக்கு 2022இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சோரியாசிஸுக்கு அதே ஆண்டு அனுமதி பெற்ற டியூக்ராவாசிட்டினிப் மாத்திரை மரபணு ஆய்வு காட்டிய தடத்திலேயே போகிறது. டி.ஒய்.கே.2 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்குப் பல தன்னுடல் தாக்குநோய்கள் வருவது குறைவு. அந்த மரபணுவின் புரதத்தைத்தான் இந்த மாத்திரை தடுக்கிறது. ஆனால் அதே மாற்றத்தை இரட்டையாகப் பெற்றவர்களைக் காசநோய் எளிதில் பிடிக்கும் என்று 2018இல் தெரியவந்தது.

காசநோய் ஒழியாத நாட்டில் இது ஓரத்தில் எழுதிவைக்கும் குறிப்பு அல்ல. முடக்குவாதத்துக்கும் முதுகெலும்பு இறுக்கத்துக்கும் இன்று போடப்படும், டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளே உறங்கிக் கிடக்கும் காசக்கிருமியை எழுப்பிவிடும் என்பது 2001இலிருந்தே தெரியும். அதனால்தான் முதல் ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்-ரேயும், மாண்டூ அல்லது இக்ரா பரிசோதனையும் எடுக்கச் சொல்கிறார்கள். டி.ஒய்.கே.2 மாத்திரைக்கும் காசநோய் பரிசோதனை முன்நிபந்தனை. அதோடு நிறுத்தாமல், இந்த மருந்துகள் இங்கே எழுதப்படும் இடமெல்லாம் நோயாளியின் எச்.எல்.ஏ. வகை, டி.ஒய்.கே.2 வகை, காசநோய் வரலாறு மூன்றையும் சேர்த்துப் பதிந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஒரு பொதுப் பதிவேட்டை அரசு மருத்துவக் கல்லூரிகளின் வாதநோய்ப் பிரிவுகள் தொடங்க வேண்டும்.